மாப்பிள்ளையின் நாக்கு

மாப்பிள்ளைக்கு நாக்கு சரியில்லை என்று என் மாமனார் கல்யாணமான நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த டாக்டரும் கடைசியில் அதையேதான் சொன்னார்.

நுனிக்குச் சற்று உள்ளே, பட்டாணி அளவில் ஒரு கட்டி. ஏலக் கடையில் பழைய மேசை நாற்காலிகளைக் கூவி விற்பது என் பிழைப்பு, அதனால் நாக்கு ஒன்றுதான் என் மூலதனம். மூளை என்று இன்னொன்றும் இருந்திருந்தால் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போயிருக்க மாட்டேன்.

கட்டியை அறுத்தெடுத்துச் சோதித்தார்கள். உள்ளே நாடாப்புழுவின் குஞ்சு. பன்றிக்கறியில் வருகிற இனமாம். உடம்பில் எத்தனையோ இடமிருக்க என் நாக்கில் வந்து குடியேறியிருக்கிறது. ஓசியில் தங்குவதில் எனக்கு அண்ணன்.

மாமனார் வீடு சுத்த சைவம். இனிமேல் கறியைத் தொடமாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஐந்து வருஷமாகக் கறிக்கடை இருக்கும் தெருப் பக்கம்கூடப் போனதில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே வாக்கு அது. அதையா யாராவது நம்புவார்கள்?

மனைவி அழவில்லை, கத்தவில்லை. "அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

தையல் போட்ட நாக்கால் சத்தியம் செய்தேன். எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. அவள் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். தையலைவிட அதுதான் வலித்தது.

மாமனாருக்கோ கொண்டாட்டம். கறி தொட்ட கையோடு சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டார். வெள்ளரியும் கேரட்டும் எப்போதும் அவர் கையால் நறுக்கித்தான் எங்கள் தட்டுக்கு வரும். நறுக்கி வைத்துவிட்டு சாயங்காலம் ஒரு நடை போய் வருவார். வந்தால் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம், நடந்ததிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்பார். எனக்கு நடந்தால் பசிதான் வருகிறது. கட்டுப்பாடு எல்லாருக்கும் வந்துவிடுமா?

வீட்டில் எல்லாரும் மலப் பரிசோதனை செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கெதற்கு என்று முறுக்கிக்கொண்ட மாமனாரை மகள்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள்.

முடிவு கேட்கப் போன அன்று அவரும் கூடவே வந்தார். என் வண்டவாளம் டாக்டர் வாயாலேயே தண்டவாளம் ஏறுவதைப் பார்க்கத்தான். நானும் மானம் போகத் தயாராகப் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

"கறி சாப்பிட்டதால இந்தக் கட்டி வராதும்மா. அரைவேக்காட்டுக் கறி சாப்பிட்டவங்களுக்கு வயித்துல புழு வளரும். அவங்க கையைச் சரியா கழுவாம தொட்டதைச் சாப்பிட்டவங்களுக்குத்தான் இப்படி நாக்கு, கண்ணுன்னு கண்ட இடத்துல கட்டி வரும். உங்க வீட்டுக்காரர் வயித்துல புழு இல்ல. உங்களுக்கும் இல்ல."

சொல்லிவிட்டு அவர் மாமனார் பக்கம் திரும்பினார். என் மனைவியும் திரும்பினாள்.

மாமனார் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நல்லா வெந்த கறின்னுதாம்மா அந்தக் கடைக்காரன் சொன்னான்."