யார் ஜாடை?

“பழைய தையல் இருக்கற இடம் பிரசவ வலியில பிரிஞ்சுட்டா ஆபத்தும்மா. இந்தத் தடவையும் ஆபரேஷனே பண்ணிடலாமே?” என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

“வேண்டாம் டாக்டர். சுகப்பிரசவத்துக்கே பாருங்க.”

“இவ பிடிச்ச பிடியை விட மாட்டா,” என்று மாமியார் அலுத்துக்கொண்டாள். “எப்படியோ நல்லபடியா வந்தாச் சரி. இதுவும் மூத்தவன் மாதிரியேதான் இருக்கும், பாருங்க. தலை நிறைய சுருட்டை முடி. அப்படியே என் பையன் ஜாடை.”

“விரல் மட்டும் இவளோடது,” என்றான் கணவன். “நீள நீளமா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க,” என்றாள் அவள், தன் விரல்களைப் பார்த்தபடி.

டாக்டர் விடவில்லை. “முதுகுல ஊசி போட்டா வலியே தெரியாதும்மா. முழிச்சுக்கிட்டேதான் இருப்பீங்க.”

“போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க. அந்த ஊசி சரியா வேலை செய்யலைன்னு, கடைசி நேரத்துல முழுசா மயக்கிட்டாங்க. வலி தெரியலைதான் டாக்டர். அவன் பிறந்ததும் தெரியலை, போனதும் தெரியலை. நான் கண் முழிக்கறதுக்குள்ள, பார்த்தாத் தாங்க மாட்டேன்னு, இவங்களே கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டு வந்து நின்னாங்க.”

மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டாள்.

“இது யார் ஜாடைன்னு முதல்ல நான் பார்த்துச் சொல்லணும் டாக்டர்.”