இடது கைக் கிட்டார்

“உன் மருமகன் இடது கைக்காரன். ரெண்டு வருஷமா வீடியோ பாக்குற, இதுகூடத் தெரியலையே உனக்கு!” என்று மனைவியை மட்டம் தட்டிவிட்டு அரத்தைக் கையில் எடுத்தார் ஃபிட்டர்.

மேசைமேல் தந்தியெல்லாம் கழற்றிய புதுக் கிட்டார் மல்லாந்து கிடந்தது. ஆன்லைனில் இருந்ததிலேயே மலிவு அதுதான். இடது கைக்காரர்களுக்கென்றே செய்ததை வாங்கினால் விலை மூன்று மடங்கு. முப்பது வருஷம் தொழிற்சாலையில் இரும்பை இழைத்த கைக்கு இந்த மரம் எம்மாத்திரம்?

“கிட்டார் வாத்தியாருக்கெல்லாம் என் பொண்ணைக் குடுக்க முடியாது” என்று மகள் கல்யாணத்துக்கே போகாதவர் அவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. அதனால் அதைக் கையால் கேட்டுவிடலாம் என்று பார்த்தார்.

மனைவியின் போனில் அந்த வீடியோவை மறுபடி ஓட்டினார். மருமகன் போனை எதிரே நிறுத்தி, திரையில் தன்னையே பார்த்தபடி வாசித்து எடுத்தது.

“பாரு, சட்டைப் பையைக்கூட வலது பக்கம் வச்சுத் தச்சிருக்கான். அசல் இடது கை!”

“என்னமோ போங்க” என்றாள் மனைவி.

கிட்டாரின் கழுத்து நுனியில் தந்திகள் உட்காரும் சின்னக் கட்டையைப் பெயர்த்து, திருப்பி, சரியாகப் பொருந்துகிறவரை இழைத்து ஒட்டினார். மேலே இருந்த தந்திகள் கீழே போயின, கீழே இருந்தவை மேலே வந்தன. ஐந்து நாள் வேலை, விரலில் மூன்று வெட்டு.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் தயங்கி நின்றவனை, “வாங்க மாப்பிள்ளை” என்று அவரே கூப்பிட்டார். கையோடு கிட்டாரை நீட்டினார். “இடது கைக்குத் தோதா நானே மாத்தினேன்.”

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மருமகன் கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். விரல்கள் தடுமாறின. துருப்பிடித்த கதவுபோல நாலு ஸ்வரம் கிறீச்சிட்டது.

ஃபிட்டருக்கு முகம் விழுந்துவிட்டது. “என் வேலை சரியில்லையோ?”

“சேச்சே, வேலை சுத்தம் மாமா! எனக்குத்தான் டச் விட்டுப்போச்சு.”

இவனையா பெரிய வாத்தியார் என்று மகள் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள்? அவருக்கே பாவமாக இருந்தது. போகட்டும், பையன் குணத்தில் தங்கம்.

சாப்பாடு முடிந்து, தண்ணீர் பாட்டிலோடு அவர்கள் அறைக்குப் போனவர் மகளின் குரல் கேட்டுக் கதவருகிலேயே நின்றார்.

“அந்த வீடியோ கண்ணாடி மாதிரி இடம் வலம் மாத்திக் காட்டுதுன்னு அப்பாகிட்ட சொல்லிடவா?”

“மூச்சு விடாத. நான் இடது கையில முதல்லேருந்து கத்துக்குறேன்.”