நாலு சின்னத் துளை

"எத்தனை துளை போடுவாங்க, மிஸ்ஸி?"

"நாலும்மா. காலையிலயே சொன்னேனே" என்றாள் நர்ஸ் ஆயிஷா.

தெய்வானை தலையாட்டினாள். காலையில் கேட்டது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. இருந்தும் கேட்டாள்.

பித்தப்பையில் கல். வயிற்றைக் கீறாமல் துளை போட்டே எடுக்கிற புது மெஷின் அந்த வருஷம்தான், 1993-இல், மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. ஆபரேஷனுக்கு மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் அடித்துச் சொன்ன பிறகுதான் கணவர் தேனப்பன் சம்மதித்தார். கீழே வாசலில் காரை விட்டு இறக்கிவிட்டதோடு சரி, வார்டுப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வயித்துக்குள்ள காத்து அடைப்பாங்களாமே?"

"ஆமாம்மா. கேமரா போக உள்ள இடம் வேணும்ல. பிறகு தோள்பட்டை கொஞ்சம் வலிக்கும். அது அந்தக் காத்தோட வேலை, பயப்படாதீங்க."

"துளை வழியா எடுக்க முடியாமப் போனா?"

"அது எப்பவாவதுதான். அப்படி ஆனா பெரிசாக் கீறி எடுப்பாங்க."

"அப்ப எத்தனை நாள் இங்க படுக்கணும்?"

"ஒரு வாரம், பத்து நாள் ஆகும்."

தெய்வானையின் முகம் மலர்ந்துவிட்டது. கத்தி வேண்டாம் என்று அழுகிற நோயாளிகள் உண்டு. கத்திக்கு ஏங்கியவள் அந்த வார்டில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"டாக்டர்கிட்டச் சொல்லி எனக்குப் பெரிசாவே கீறச் சொல்லேன்."

பக்கத்துக் கட்டில் சுலைஹா சிரித்துவிட்டாள். "வீட்டுக்குப் போக யாருக்காவது கசக்குமா லா, அக்கா? காலையிலேர்ந்து மிஸ்ஸியைக் கேள்வி கேட்டே கொல்றீங்க. டாக்டருக்குப் படிக்கப் போறீங்களா?"

இந்தக் கட்டிலிலேயே பத்து நாள் கிடக்க மாட்டோமா என்று தெய்வானையின் மனம் கிடந்து தவித்தது. எப்படியாவது பெரிய ஆபரேஷனாக ஆகிவிட வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகூடக் கொண்டாள்.

முருகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நாலே துளை.

மறுநாள் மாலை ஆயிஷா சக்கர நாற்காலியில் அவளை உட்காரவைத்து லிஃப்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள். தேனப்பன் கீழே காத்திருந்தார். லிஃப்ட் நெருங்க நெருங்க தெய்வானை அவசர அவசரமாகக் கேட்டாள்.

"கஞ்சிதான் குடிக்கணுமா, மிஸ்ஸி?"

"லேசா எது வேணும்னாலும் சாப்பிடலாம். எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வேணாம்."

"பாரம் தூக்கலாமா?"

"கொஞ்ச நாளைக்குக் கூடாதும்மா."

"துளையில தண்ணி பட்டா?"

நாற்காலி சட்டென்று நின்றது. ஆயிஷா முன்னால் வந்து மண்டியிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"வந்ததுலேர்ந்து துளை, காத்து, கஞ்சி... இதுதானா, ஆத்தா? மதம் மாறிக் கட்டிக்கிட்டவதான். ஆனா நான் நல்லா இருக்கேனான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலியா?"

தெய்வானை மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வைத்தியத்தைத் தவிர வேற பேச்சு ஒன்கிட்டப் பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கீழ நிக்கிற ஒங்கப்பச்சி என்னை இங்க அனுப்புனாக, வள்ளி. ஒன் குரல் காதுல விழணும்னா, துளையையும் கஞ்சியையும் விட்டா நான் வேற எதைக் கேப்பேன்?"