ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

ஒரே முகத்தில் ரெட்டினால் கிரீமையும் ஆசிட் சீரத்தையும் சேர்த்துப் பூசாதே என்பது பழைய எச்சரிக்கை, கண்ணுகளா. இப்போது ஒரே வீட்டுக்குள்ளும் சேர்க்கக்கூடாதாம்.

பெண் பார்க்க வந்த இடத்தில் தரகர் ஜாதகத்துக்குப் பதில் முகப்பூச்சுப் பட்டியலைப் பிரித்தார். "பொண்ணு ரெட்டினாலுங்க, மாப்ளை ஆசிட்டுங்க. கன்னத்தோட கன்னம் பட்டா தோல் உரிஞ்சிருமுங்க. ரெண்டு பேரும் வெறும் மாய்ஸ்சரைசர் பூசற ஞாயித்துக்கெழமை மட்டும் குடித்தனம் பண்ணலாமுங்க."

மாப்பிள்ளையின் அம்மா பூத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கல்யாணப்பெண் வெண்ணிலா அந்தத் தட்டு போவதையே பார்த்தாள். இதுவரை பார்க்க வந்தவர்களில் அவளைச் சிரிக்கவைத்தவன் இந்த அறவாழி ஒருவன்தான்.

அறவாழி எழுந்துபோய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தான். "இனி எனக்கு எல்லா நாளும் ஞாயிறுதானுங்க."

"ஆசிட்டை விட்டா பரு வருமேடா!" என்று அலறினார் அம்மா.

வந்தது. தாலி கட்டும்போது கன்னத்தில் சிவப்பாக நின்றது. வெண்ணிலா தன் கண்மையைத் தொட்டு அதன்மேல் வைத்து, திருஷ்டிப்பொட்டாக்கிவிட்டாள்.