மனேஜருக்கு எதிராய் ஒரு மகஜர்

"காசு குடுத்து வாங்கச் சொல்லி கமிட்டியே சொன்ன பிறகும், சும்மா கிடைக்குதெண்டு இதைப் போட்டு எங்களைச் சாகடிக்கிறார் மனுசன்!"

கஜீபன் மேசையில் ஓங்கிக் குத்தினான். உட்துறைமுக வீதியிலிருந்த மீனவர் கூட்டுறவுச் சமாச அலுவலகத்தில் அன்று மனேஜர் முனாப் இல்லை. சீனன்குடாப் பக்கம் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரத்தில்தான் கஜீபனுக்கு இவ்வளவு குரல் வரும்.

விஷயம் இதுதான். அலுவலகக் கணினிகளில் இருந்த ஒபிஸ் மென்பொருளின் லைசன்ஸ் முடிந்துவிட்டது. புதிதாய் வாங்கக் கமிட்டியும் சம்மதித்திருந்தது. முனாப்தான் வேண்டாமென்று சொல்லி, இன்டர்நெட்டில் இலவசமாய்க் கிடைக்கிற திறந்த மூல மென்பொருள் ஒன்றை எட்டுக் கணினியிலும் தானே இருந்து போட்டுவிட்டார்.

பழகிய கைக்கு அது பிடிபடவில்லை. ஒன்றைத் தேடினால் இன்னொன்று வந்தது. மூன்று வருடமாய்ப் பாடுபட்டுச் செய்து வைத்திருந்த படகுப் பதிவு அட்டவணையில் கோடுகள் இடம்மாறிக் கிடப்பதைப் பார்த்தபோது கஜீபனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மென்பொருளைப் போட்ட அந்தக் கிழமையே முனாப்பிடம் நேரே போய்க் கேட்டான்.

"சேர், கமிட்டி ஓமெண்டு சொன்னதுதானே. பிறகேன் இப்பிடி?"

"சும்மா கிடைக்கிற சாமானுக்கு ஏன் தம்பி காசு? பழகுங்க, சரிவரும்." முனாப் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பழகிறதுக்கு நேரமில்லை சேர்."

"நேரமெல்லாம் வரும். போய் வேலையப் பாருங்க."

அன்றிலிருந்து அவருக்கு 'சும்மா சேர்' என்று பெயர் விழுந்தது. அது அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து கொண்டுவரும் சோற்றுப் பார்சலைத் தன் அறையில் தனியே இருந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் இருந்தார். கடதாசியின் பின்பக்கத்தையும் விடாமல் எழுதுகிற மனுசன் வேறெப்படி இருப்பார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

இப்போது நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருந்தது. முனாப்பின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீடிப்பதா, இல்லையா என்று சனிக்கிழமை கமிட்டி கூடி முடிவெடுக்கும். அதற்கு முதல் ஊழியர்களின் முறைப்பாடாய் ஒரு மகஜர் போய்ச் சேர்ந்தால் மனுசன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"ஏழு பேரும் கையெழுத்து வைச்சா கமிட்டியால தட்ட ஏலாது," என்றான் கஜீபன்.

"பாவமில்லயா? மூணு பொம்புளப் பிள்ளைகள் உள்ள மனுசன்," என்று பக்கத்துக் கதிரையிலிருந்த சனூஸா மெல்ல இழுத்தாள்.

"அப்ப நாங்கள் பாவமில்லையோ? உங்கட கூட்ட அறிக்கை போன கிழமை எங்க போனதெண்டு தெரியாமத் தேடினியள்தானே?"

சனூஸா தன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கஜீபன் மகஜரைத் தானே கையால் எழுதினான். 'கஞ்சத்தனம்' என்று எழுதி, அதை வெட்டி, 'அளவு கடந்த சிக்கனம்' என்று மாற்றினான். அது பாராட்டுவதுபோல் இருக்கவே பழையபடி கஞ்சத்தனமாக்கினான். பிறகு அதை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான்.

மூலை மேசை அன்னலட்சுமியுடையது. தட்டச்சு மெஷின் காலத்திலிருந்து சமாசத்தின் தமிழ்க் கடிதங்களெல்லாம் அவர் அடிப்பவைதான். அவருடைய கணினியின் முதுகு மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

"அக்கா, இதை ஒருக்கா அடிச்சுத் தாங்கோ."

அன்னலட்சுமி முழுவதையும் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடிக்கத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் மகஜர் அச்சாகி வந்தது. தலைப்பு நடுவில், தடித்த எழுத்தில். கீழே பெயர்கள், நேரே கையெழுத்துக்குக் கோடுகள். அப்படி ஒரு கோடு போடத்தான் அன்று காலை கஜீபன் அரை மணித்தியாலம் மினக்கெட்டிருந்தான்.

"கெட்டிக்காரியக்கா நீங்கள்!" என்றவன் பெயர்களை எண்ணினான். "ஆறு பேர்தானே இருக்கு? உங்கட பேரை மறந்திட்டியள்."

"மறக்கேல்லைத் தம்பி. நான் வைக்கமாட்டன்."

கஜீபனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சேரிட்ட நல்லபிள்ளைப் பேர் வாங்கப் போறியளோ? எங்களைப்போல உங்களுக்கும் கஷ்டம்தானே?"

அன்னலட்சுமி திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டார். கோப்பு, திருத்து, பார்வை என்று மேலிருந்து கீழ்வரை எல்லாம் தமிழில் இருந்தன. மற்றவர்களின் கணினியில் அவ்வளவும் ஆங்கிலம்.

"இதில தமிழும் வருமோ?"

"ஓம். சேர்தான் மாத்தித் தந்தவர்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இங்கிலிஸ் வாசிக்கத் தெரியாது தம்பி. இவ்வளவு காலமும் ஆருக்கும் சொல்லேல்லை. பழசில எந்தப் படத்தை அமத்தினா என்ன நடக்குமெண்டு ஒரு கொப்பியில கீறி வைச்சுத்தான் சமாளிச்சனான். புதுசு வாங்கினா படமெல்லாம் மாறிப்போம், வேலையை விடவேண்டியதுதான் எண்டு பயந்துகொண்டு இருந்தனான். ஒருநாள் கொப்பியை மேசையில விட்டிட்டுப் போட்டன். சேர் கண்டிட்டார். ஒண்டும் கேக்கேல்லை. அடுத்த கிழமைதான் இதைப் போட்டவர்."

கஜீபன் மகஜரை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வெட்கமாய்த்தான் இருந்தது. ஆனாலும் படகு அட்டவணைக்குப் பட்ட பாடு மனதைவிட்டுப் போகவில்லை.

"அப்ப உங்களுக்கு மட்டும் போட்டுத் தந்திருக்கலாமேயக்கா. எங்களுக்கும் ஏன்?"

"எனக்கு மட்டும் மாத்தியிருந்தா, அன்னலட்சுமிக்கு மட்டும் ஏனெண்டு நீங்கள் கேட்டிருப்பியள்தானே தம்பி."