புல்லில் விழுந்த பொன்னாடை

பேர்லினில் சின்னக் கல்லூரியொன்றின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, இறுதியாட்டத்தில் இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கிறது. கடைசி உதை பிருந்தனுடையது. பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் கோப்பை. பார்க்க வந்திருக்கும் தகப்பன் தம்பித்துரை பேசி முடித்த பிறகுதான் அவருடைய மீசை அசைகிறது, அவ்வளவு குளிர். பிருந்தன் உதைக்கிறான். பந்து நடுவாகப் போகிறது. சனம் எழும்பிக் குதிக்கிறது. அந்த நேரம் பார்த்து நடுவர் இடுப்பிலிருந்து மஞ்சள் துணியொன்றை உருவிப் புல்லில் எறிய, அத்தனை பேரும் உட்காருகிறார்கள். தம்பித்துரை மட்டும் நின்று கைதட்டுகிறார். "பாத்தியே, பொடியனுக்குப் பொன்னாடை. தோளில போடத்தான் தெரியேல்லை." மகள் அஜிதா அவருடைய கோட்டைப் பிடித்து இழுக்கிறாள். "இருங்கோ அப்பா. எங்கட பக்கம் பிழையெண்டு எறியிறது அது. இன்னும் தள்ளி நிண்டு திரும்ப அடிக்க வேணும்." "மஞ்சளை ஆரும் பிழைக்கு எறிவினமே?" அவர் உட்காரவில்லை. தமிழர் வழக்கமாக்கும் என்று பக்கத்து ஜெர்மன் கிழவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டுகிறார். பிறகு அந்த வரிசை, பிறகு எல்லோரும். பின்னால் தள்ளி நிற்கும் பிருந்தன், தலைக்கவசத்துக்குள்ளிருந்து தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உதைக்கிறான். பந்து இடது கம்பத்தில் இடித்து, கொஞ்சம் யோசித்து, உள்பக்கமாக விழுகிறது.