பக்கத்துக் கட்டில்

தூங்கி எழுந்தால் கற்பனை ஊற்றெடுக்கும் என்று எதிலோ படித்துவிட்டு, எங்கள் விளம்பரக் கம்பெனி முதலாளி ஸ்டோர் ரூமில் இரண்டு கட்டில் போட்டார். ஒன்று எனக்கு, மற்றது கண்ணாடி அண்ணனுக்கு. விளம்பரம் எழுதுவது நாங்கள் இரண்டு பேர்தான். மதியம் அரை மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும்.

முதல் நாளே குடை விளம்பரத்துக்கு, "வானம் அழட்டும், நீங்க நடங்க" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பூட்டுக்கு, "நீங்க தூங்குங்க, நான் முழிச்சிருக்கேன்."

முதலாளி வாயைப் பிளந்தார். "கனவுல வந்துச்சா?"

"படுத்தா போதும் சார், தானா வருது."

கண்ணாடி அண்ணன் தலையைச் சொறிந்தார். "எனக்கும் என்னமோ வருது சார். எழுந்தா ஒண்ணும் ஞாபகம் இல்ல."

மாதக் கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டேன். இனிமே ரூம் உனக்கு மட்டும்தான்."

நான் பதறினேன். "ஐயோ சார், பாவம் சார், பிள்ளைகுட்டிக்காரர்!"

"உனக்கு ரொம்ப இளகின மனசுப்பா. போய் நல்லாத் தூங்கு. நாளைக்கு சோப்பு விளம்பரம்."

மறுநாள் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு வரியும் வரவில்லை. எழுந்து, ஒரு கிலோ ஆப்பிளோடு போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்த அண்ணி உதட்டில் விரலை வைத்தார். மறு கையில் பேனாவும் நோட்டும்.

"சத்தம் போடாதீங்க தம்பி, அவர் தூங்கறார். தூக்கத்துல உளர்றதை நீங்க எழுதிக்கிட்டது போதும். இனிமே நானே எழுதிக்கறேன்."